கேட்டுக்கு வெளியே நின்ற கிரேன்

நான்கு வருடங்களுக்கு முன்னால், தீபாவளிக்கு முந்தின நாள் நடந்தது இது. புனேவை அடுத்த தளேகாவில், கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் புராஜெக்ட் பொறுப்பாளர். வீடு வானவடியில். தினமும் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள் என்பதால், எனக்குப் பொறுமை அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று காலை பதினொரு மணிக்குள் அது மொத்தமும் தீர்ந்துவிட்டது.

பழைய ஷெட்டில் இருந்த, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் புது ஷெட்டில் நிறுத்த வேண்டும். ஆலை மூடியிருக்கும் தீபாவளி விடுமுறையில்தான் அதைச் செய்ய முடியும். விடுமுறை முடிந்து ஆட்கள் வரும்போது இயந்திரம் ஓடாவிட்டால் கார் கம்பெனிக்குச் சரக்கு போகாது. அப்புறம் அந்த ஆர்டரையே மறந்துவிட வேண்டியதுதான்.

என் குழுவில் ஐந்து பேர். எல்லோரும் பல வருடங்களாகச் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஃபிட்டர் கையை நீட்டினால் போதும், எந்த ஸ்பேனர் என்று கேட்காமலே பக்கத்தில் இருப்பவர் எடுத்து வைப்பார். அவ்வளவு பழக்கம். அதனால் வேலை நேரத்தில் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அதுதான் வினையாகப் போனது. எச்.ஆர். பிரிவுக்குப் புதிதாக வந்த அதிகாரி கேமராவில் இவர்களைப் பார்த்திருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் பேசவில்லை, குழுவில் உற்சாகமே இல்லை என்று ஆலையின் தலைவரான பிளான்ட் ஹெட்டிடம் சொல்லிவிட்டார். உடனே ஒரு பயிற்சியாளருக்கு ஏற்பாடாகிவிட்டது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாள், இயந்திரத்தைத் தூக்க வேண்டிய அதே வெள்ளிக்கிழமை!

"சார், இன்னொரு நாள் வெச்சுக்கலாமே" என்று பிளான்ட் ஹெட்டிடம் கெஞ்சிப் பார்த்தேன். எல்லோரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று மெயில் வந்ததுதான் மிச்சம்.

காலையில் போனால் அடுத்த தலைவலி. வாடகைக்குச் சொன்ன கிரேன் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. காகிதங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் உள்ளே விட ஓர் அதிகாரியின் அனுமதி வேண்டுமாம். அவர் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார். பிளான்ட் ஹெட் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் செக்யூரிட்டி. நானும் பிளான்ட் ஹெட்டை போனில் விடாமல் கூப்பிட்டேன். அவர் எடுக்கவே இல்லை.

எங்கள் எலெக்ட்ரீஷியன் இங்கே புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார்.

"மேடம், நாளைக்குப் பொண்ணுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளையும் அவளும் விடியக்காலையிலயே வந்துடுவாங்க. இன்னிக்கே ஜல்தி முடிச்சிடலாம்னு வீட்ல சொல்லிட்டேன். வேற ஒண்ணும் வேணாம், வேலைய நடுவுல நிறுத்தாம பாத்துக்குங்க."

ஆனால் மெயிலை மீற முடியாது. ஐந்து பேரையும் கேன்டீனுக்கு அழைத்துப் போனேன்.

அங்கேதான் பயிற்சி. காதில் மைக் மாட்டிய ஓர் இளைஞர், கலர் கலராக பலூன்களோடு காத்திருந்தார். கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். "நான் சிங்கம்" என்று உரக்கச் சொல்லச் சொன்னார். ஓய்வு பெறப் போகிற எங்கள் ஃபிட்டர், தலையில் தொப்பியோடு, "நான் சிங்கம்" என்று ரேஷன் கடையில் பெயர் கொடுப்பதுபோலச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இந்த மனிதர்களுக்கா இது?

பிறகு பலூன்களையும் டேப்பையும் கொடுத்து ஒரு கோபுரம் கட்டச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்திருப்பார் போல. ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் ஊத, ஒருவர் முடிய, ஒருவர் ஒட்ட, பயிற்சியாளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கோபுரம் கூரையைத் தொட்டு ஆடாமல் நின்றது. கட்டி முடித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

ஃபிட்டர் மராத்தியில் என்னைப் பார்த்து, "காம் கரூ த்யா, மேடம்" என்றார். எங்களை வேலை செய்ய விடுங்கள் என்று அர்த்தம்.

பயிற்சியாளர் கோபுரத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மைக்கைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்களுக்கு உற்சாகம் வர என்ன வேணும், உண்மையைச் சொல்லுங்க" என்று இந்தியில் கேட்டார்.

எலெக்ட்ரீஷியன்தான் பதில் சொன்னார்: "உற்சாகமெல்லாம் இருக்கு சார். கிரேன்தான் இல்ல. அது கேட்டுக்கு வெளிய நிக்குது."

அந்த இளைஞர் என்னோடு கேட்டுக்கு நடந்தார். கிரேனைப் பார்த்தார், செக்யூரிட்டியிடம் விசாரித்தார், தன் போனை எடுத்தார். நான் காலையிலிருந்து கூப்பிட்டும் எடுக்காத பிளான்ட் ஹெட், அவருக்கு முதல் மணியிலேயே எடுத்தார்! இளைஞர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பயிற்சி பிரமாதமா போயிட்டிருக்கு. அடுத்த பயிற்சிக்கு ஒரு கிரேன் தேவைப்படுது. வெளியதான் நிக்குது."

"கிரேனா? டீம் பில்டிங்குக்கா? புதுசா இருக்கே! செக்யூரிட்டிகிட்ட போனைக் குடுங்க."

கிரேன் உள்ளே வந்தது. எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அவர் அதோடு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். "வேற எதெல்லாம் தடையா இருக்கு?" என்றார். கேன்டீன் ஆட்கள் லீவு, சாப்பாடு கிடையாது என்றேன். பலூனுக்கெல்லாம் ஏற்பாடு செய்த கம்பெனியில் சாப்பாட்டைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. அவர் காரை எடுத்துக்கொண்டு போய், ஸ்டேஷன் பக்கத்திலிருந்து சூடாக வடாபாவும் டீயும் வாங்கி வந்தார். அதன்பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் வேலை செய்வதை வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பிரஸ் தன் புது இடத்தில் அசையாமல் உட்கார்ந்தது. வயரிங் கொஞ்சம் பாக்கி. எலெக்ட்ரீஷியன் தயங்கி நிற்க, ஃபிட்டர் அவருடைய டூல் பையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்து, வாசல் பக்கம் திருப்பிவிட்டார். லோக்கல் ரயிலைப் பிடிக்க அவரை ஸ்டேஷனில் இறக்கிவிட்டதும் அந்தப் பயிற்சியாளர்தான். பாக்கி வயரிங்கைத் தீபாவளிக்கு மறுநாள் எலெக்ட்ரீஷியனே வந்து முடித்தார். விடுமுறைக்குப் பிறகு முதல் ஷிப்டில் இயந்திரம் ஓடியது.

அந்த வாரமே பிளான்ட் ஹெட்டிடமிருந்து எல்லோருக்கும் மெயில். உற்சாகப் பயிற்சியின் விளைவாக வேலை குறித்த நேரத்தில் முடிந்ததாம். இனி ஒவ்வொரு புராஜெக்டுக்கும் இரண்டு நாள் பயிற்சி உண்டாம். படித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடிவைத்தேன்.

அந்த இளைஞரை அதன்பிறகு பார்க்கவில்லை. ஆனால் வேலை தெரிந்தவர்கள் முன்னால் போய் நிற்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. ஊக்கம் கொடுக்கிறேன் என்று நான் வாய் திறப்பதில்லை. எது குறுக்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு, அதை நகர்த்துகிற ஆளாக மட்டும் இருக்கப் பார்க்கிறேன். அந்த மெயில் மேல் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை என்றாலும், அன்று எனக்குக் கிடைத்த பாடம் அதுதான்.