வெள்ளி விழா கேசட்டை வாங்கலாமா?

கேசட் கடைக்கு வருகிறவர்கள் கேசட்டை மட்டும் கேட்பதில்லை, கடைக்காரியின் யோசனையையும் சேர்த்துக் கேட்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சங்கீதம் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு, இந்தம்மா தப்புத் தப்பாகச் சொல்கிறாள் என்பார்களோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்து, "இது நல்லா இருக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அந்த தைரியத்தில் சொல்கிறேன்.

மழை

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் கடை. வீட்டுக்காரர் மதுரைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். விற்பது நான். ஒரு தடவை நாதஸ்வரக் கச்சேரி கேசட் ஒன்றைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நடந்த கச்சேரி. அதன் பழைய கேசட் பல வீடுகளில் ஏற்கெனவே உண்டு. இது தங்க நிற அட்டை போட்ட வெள்ளி விழாப் பதிப்பு.

பாளையம்பட்டிப் பருத்தி வியாபாரி அண்ணாச்சி வந்தார். "பழசு எங்கிட்ட இருக்கும்மா. இதையும் வாங்கணுமா?" என்றார். "இரைச்சலெல்லாம் எடுத்துட்டாகளாம் அண்ணாச்சி, சுத்தமா இருக்குமாம்" என்று வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். வாங்கிப் போனார்.

மறு வாரம் கையில் இரண்டு கேசட்டோடு வந்து, "ரெண்டுலயும் மொதப் பக்கத்தப் போடும்மா" என்றார். பழையதில் நாயனம் மெல்ல ஏறும்போதே கொட்டகைத் தகரத்தில் சடசடவென்று மழை விழும். ஒருவரும் எழுந்து போகவில்லை என்பது கேட்டாலே தெரியும். யாரோ "ஆகா" என்பார். மழை வலுக்க வலுக்க நாயனமும் வலுக்கும். எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொள்ளும். புதியதில் நாயனம் கண்ணாடி மாதிரி இருந்தது. மழை இல்லை, ஆகா இல்லை. அது எதற்காக அப்படி ஏறுகிறது என்றே தெரியவில்லை. அண்ணாச்சி புதியதைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"நம்ம சீமையில மழ பேயிறதே அபூர்வம். அதையும் அழிச்சுப்புட்டாகளேம்மா!"

இரண்டாவது தவில்

அதிலிருந்து யார் கேட்டாலும், "பழசே போதும்" என்றேன். விற்கச் சொன்னால் விரட்டிவிடுகிறாயே என்று வீட்டுக்காரர் முறைத்தார். அந்த நேரத்தில்தான் திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்தார்.

"தாயி, அந்தக் கச்சேரியில எங்க வீட்டுக்காரருதான் ரெண்டாவது தவுலு. அவுக போயி ரெண்டு வருசமாச்சு. பழைய கேசட்ல அவுக கை வச்சதும் வெட்டிட்டு நாயனம் வந்துருது. புதுசுல முழுசா இருக்கா?"

"அன்னைக்கு நீங்க கச்சேரிக்குப் போகலையா?"

"கைப்பிள்ளக்காரி, எங்கிட்டுப் போக?"

மறுபடியும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு உதறல். "இருந்ததையே அழிச்சுட்டாகம்மா. வாங்கி ஏமாந்துராதீக" என்றேன். தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. நானும் அண்ணாச்சியும் முதல் பக்கத்தைத்தானே கேட்டோம்? அண்ணாச்சி விட்டுப்போன புது கேசட்டைத் திருப்பிப் போட்டேன். நாயனம் ஓய்ந்தது. ஒரு தவில் ஏதோ கேட்டது, மற்றது பதில் சொன்னது. இதோ வெட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முதல் தவில் வைத்ததை இரண்டாவது அப்படியே வாங்கி, அதற்கு மேல் ஒன்று வைத்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. இப்படி ஒரு கை இத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்தது என்று வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன். சட்டென்று நினைவு வந்து, கேசட்டை உருவிக்கொண்டு ஓடினேன். கடையைப் பூட்டவில்லை.

திருச்சுழி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தனியார் பஸ், உள்ளே சினிமாப் பாட்டு. "டிரைவரண்ணே, ஒரே ஒரு தடவ இதப் போடுங்க" என்று கெஞ்சினேன். "கடையில போணியாகலைன்னு பஸ்ஸுக்கே வந்துட்டியாக்கும்?" என்று சிரித்தவர், நான் சொன்ன இடத்துக்குச் சுற்றிப் போட்டார். முதல் அடியிலேயே பேச்சுச் சத்தம் நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. பஸ் எடுக்கும் நேரம் தாண்டியும் ஒருவரும் கத்தவில்லை. ஜன்னலோரம் அந்த அம்மா மஞ்சள் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்தார். தவில் ஓய்ந்ததும் என்னைப் பார்த்தார்.

"கல்யாணமானதுல இருந்து, அவுக சேந்தாப்புல இம்புட்டு நேரம் பேசி நான் கேட்டதே இல்ல தாயி."

அண்ணாச்சியின் கேள்வி

ஓடி வந்து பார்த்தேன், கடை அப்படியே இருந்தது. அந்த கேசட் பஸ்ஸோடு போய்விட்டது. விஷயம் பரவி அண்ணாச்சி வந்தார். "அப்ப புதுச வாங்கலாங்கிறியா, வேண்டாங்கிறியா?" ஒன்றில் மழை இருக்கிறது, இன்னொன்றில் தவில் இருக்கிறது. எதை விடச் சொல்வேன்? பேசாமல் பழையதன் முதல் பக்கத்தையும் புதியதன் இரண்டாம் பக்கத்தையும் போட்டேன். தவில் முடிகிறவரை அசையாமல் நின்றவர், தங்க அட்டை ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"வாயத் தொறக்காமயே வித்துப்புட்டியேம்மா!"

அதன் பிறகு பழையதில் ஒன்றையும் புதியதில் ஒன்றையும் விற்காமல் கல்லாவிலேயே வைத்துக்கொண்டு, வாங்கலாமா என்று யார் கேட்டாலும் இரண்டையும் போட்டுவிட்டு, பதில் சொல்ல முடியாதபடி வாய் நிறைய வெற்றிலையைத் திணித்துக்கொண்டுவிடுவேன்.