கொளஞ்சியின் ஆறு மணி டம்ளர்

ஆண்டிமடம் கொளஞ்சி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. விட்டது பெரிய காரியம்தான். ஆனால் மாலை ஆறு மணியானால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே, அதற்கு யார் என்ன செய்ய? வெறும் தண்ணீரைக் கொடுத்தால் அந்தக் கை கோபித்துக்கொள்ளும். மே மாதத்தில் சூடான டீயையும் தள்ளிவிடும்.

அவன் மனைவி பூங்குழலி அந்தக் கைக்கு ஒரு வழி கண்டாள். செம்பருத்தி இதழ், துளசி, எலுமிச்சைப்புல் மூன்றையும் கொதிக்கவிட்டு, துளி டீத்தூள் போட்டு இறக்குவாள். ஆறியதும் முந்திரிப்பழச் சாறு, நாட்டுச்சர்க்கரை, ஐஸ்கட்டி. முந்திரிக்காட்டில் கொட்டைக்குத்தான் மதிப்பு. அதைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். நறுக்கி, உப்புத் தூவி, ஊறவிட்டுப் பிழிந்தால் தொண்டையைப் பிடிக்காது. சிவப்பாக, சில்லென்று, ஐஸ் மோதும் சத்தத்தோடு டம்ளர் வரும். பழைய சத்தம், புதுச் சரக்கு. கை சமாதானமாகிவிட்டது.

போன வாரம் பூங்குழலி பெரம்பலூரில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போனாள். சனிக்கிழமை கொளஞ்சி தானே ஒரு குண்டான் நிறையப் போட்டான். லாரிக்காரனுக்குச் சமையலும் லோடு கணக்கில்தான் வரும். ஒரு டம்ளர் குடித்தான். மிச்சத்துக்கு ஃபிரிட்ஜில் இடமில்லை. அடுப்பங்கரையில் தட்டுப் போட்டு மூடிவிட்டு லாரி எடுக்கப் போய்விட்டான்.

திங்கள் சாயங்காலம் வந்து தட்டைத் தூக்கினால் மேலே நுரை. ஒரு வாய் வைத்தான். புளித்துக் கள்ளாகியிருந்தது. மூளைக்கு எட்டும் முன்பே நாக்கு ஆளை அடையாளம் கண்டுகொண்டது. கடைப்பக்கமே போகாதவனைத் தேடி வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தது அது. 'பழம்தானே, துளசிகூட இருக்கிறதே' என்று மனசு வக்கீலாகிவிட்டது. அதைக் கேட்காமல் டம்ளரில் மிச்சமிருந்ததைக் கொட்டி, கழுவிக் கவிழ்த்தான். ஏலக்காய் மென்றால் வாடை போகும் என்பது பழைய பாடம். டப்பாவைத் திறந்தான், அப்படியே மூடினான். வாசலில் போய் நின்றான். இன்றைக்கு ஊரிலிருந்து திரும்பும் பூங்குழலி நம்பாவிட்டால் பதினான்கு மாதமும் போச்சு.

பஸ் இறங்கி வந்தவள் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, வாட வருது."

"ஒரு வாய் வச்சேன். நீ போடுற டீதான். சனிக்கெழம நான் போட்டு வெளியிலயே வச்சுட்டேன், புளிச்சுப்போச்சு. உள்ள குண்டான்ல கெடக்கு, பாத்துக்க."

உள்ளே போய் முகர்ந்தாள். திரும்பி வந்து அவன் வாயையும் முகர்ந்தாள். அந்தக் காலத்தில் அவள் முகர்ந்ததே இல்லை, தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

"இந்த வெயிலுல ரெண்டு நாளு வச்சா அது சும்மா இருக்குமா? எங்க சித்தப்பா வேணும்னே இப்புடித்தான் வைப்பாரு."

"நம்புறியா?"

"நம்பலன்னா பைய ஏன் உள்ள வைக்கிறேன்? அடுத்த பஸ்ஸுக்கு நின்னுருப்பேன்ல."

கொளஞ்சி குண்டானைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தான். நன்றி என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"காதுகுத்து எப்புடி நடந்துச்சு?" என்றான்.

பந்தியில் எத்தனை பொரியல், யார் யார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள் என்பதுவரை அவள் சொன்னாள். ஒரு கொட்டாவிகூட விடாமல் முழுசாகக் கேட்டான்.