கல் ஆமைக்கு ஆங்கிலத்தில் பேரம்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில், ‘ஃபிக்ஸட் பிரைஸ்’ என்று பலகை மாட்டிய கடை. அந்தப் பலகைக்கு அடியில் நின்றுதான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். என் அரைக்கால் சட்டையையும் தொப்பியையும் பார்த்ததும் கடைக்கார அம்மா ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிறார்.

“கம் சார், குட் பிரைஸ்!”

நான் கல் ஆமை ஒன்றை எடுத்து, “இது எவ்ளோக்கா?” என்கிறேன். அவர் முகம் சுருங்குகிறது.

“ஐந்நூறு.”

“கொஞ்சம் கொறைங்க.”

“தமிழ்ல கேட்டா கொறைக்க மாட்டேன். ஒரு மணி நேரம் பேசிட்டு வாங்காமயே பூடுவீங்க. போர்டு கீதுல்ல, பாரு.”

விடுவேனா? வெளியே போய், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வருகிறேன்.

“ஹலோ மேடம், லாஸ்ட் பிரைஸ்?”

“ஃபார் யூ சார், ஃபோர் ஹண்ட்ரட்! ஃபர்ஸ்ட் கஸ்டமர்!” என்கிறார், சிரிப்பே இல்லாமல். சாயங்காலம் நான்கு மணிக்கு நான்தான் போணியாம். இருந்தாலும் வெற்றி வெற்றிதான். பணத்தைக் கொடுத்து ஆமையை வாங்கிக்கொள்கிறேன்.

படி இறங்குவதற்குள் அவர் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுக்கிறார்: “யக்கா, அந்த நூறு ரூபா ஆமைய ஒரு ஃபாரினர் தலைல கட்டிட்டேன்!”

திரும்பிப் போய்ச் சண்டை போடலாம். ஆனால் எனக்குத்தான் தமிழ் தெரியாதே.

“தேங்க் யூ மேடம்” என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.