படலை மாறிய மாப்பிள்ளை

மயிலிட்டியில் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்த பார்த்தீபனுக்குக் கடல்தான் ஒத்துவரவில்லை. வள்ளம் கரையை விட்டு விலகமுன்னமே சத்தி எடுத்துவிடுவான். ஒரு தொழிலும் நிலைக்காத மகனுக்குக் கலியாணத்தையாவது செய்துவைப்போம் என்று தாய் குணலட்சுமி தரகரைப் பிடித்தாள். பெண்ணின் தகப்பன், வடமராட்சி நெல்லியடியில் சண்முகநாதன் என்ற மீன் வியாபாரி, பொடியனை முதலில் தனியே அனுப்பச் சொன்னார். ஒருக்காக் கதைத்துப் பார்க்கவேண்டுமாம்.

"அங்கை போய் விளக்கம் குடுத்துக்கொண்டு நிக்காதை. என்ன கேட்டாலும் ஓமெண்டு சொல்லு," என்று சொல்லித்தான் குணலட்சுமி அவனை பஸ்ஸில் ஏற்றினாள்.

பச்சைப் படலை என்று தரகர் அடையாளம் சொல்லியிருந்தார். அந்த ஒழுங்கையில் பச்சைப் படலை இரண்டு. பார்த்தீபன் திறந்தது வீடு கட்டிக்கொடுக்கிற கொந்தராத்துக்காரர் சோமசேகரத்தின் வீட்டுப் படலை. முன்விறாந்தையில் மேசை போட்டதுதான் அவருடைய கந்தோர். கட்டட வேலைக்கு உதவியாளனாக ஒரு பொடியன் நேர்முகத்துக்கு வருவான் என்று அவர் காத்திருந்தார். ஊரையும் படிப்பையும் விசாரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"இதுக்கு முதல் வேறை எங்கையும் இருந்தனீரோ?"

பார்த்தீபன் நிமிர்ந்து பார்த்தான். முன்னமே ஒரு கலியாணம் செய்தேனா என்றா கேட்கிறார்? ஆனாலும் அவன் தாய் சொல்லைத் தட்டாதவன். "ஓம்."

"ஏன் விட்டனீர்?"

இதற்கு ஓம் சொல்ல வழியில்லை. "ஒத்துவரேல்லை," என்றான்.

ஒளிக்காமல் கதைக்கிற பொடியன் என்று சோமசேகரத்துக்குப் பிடித்துப்போயிற்று. வெயிலில் நிற்பீரோ, ஏணியில் ஏறுவீரோ என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம். வடமராட்சி மாப்பிள்ளைமாருக்கு இவ்வளவு பாடா என்று பார்த்தீபன் நினைத்துக்கொண்டான்.

"முதல் மூண்டு மாதம் பழகிப் பாப்பம் தம்பி. சரிவரேல்லையெண்டால் மனவருத்தமில்லாமல் விலகிக்கொள்ளலாம். திங்கள் விடிய வந்திடும்."

நெல்லியடி இவ்வளவு முன்னேறிவிட்டதா என்று வியந்தபடி வீடு திரும்பினான். திங்கள் வரச்சொன்னதை மட்டும் தாயிடம் சொன்னான்; மூன்று மாதக் கதையைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் வடை சுட்டு ஆறவைத்துக் காத்திருந்த சண்முகநாதனோ, கோபத்தில் தரகரின் போனைக்கூட எடுக்கவில்லை.

திங்கட்கிழமை குணலட்சுமி பட்டுச்சேலை உடுத்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கும் கதலிப்பழச் சீப்பும் ஏந்தி, மகனோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். சோமசேகரம் மஞ்சள் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து, சந்தனப்பொட்டு அழியாமல் பார்த்தீபனின் தலையில் வைத்தார். பெம்பிளைப் பிள்ளை எங்கே என்று குணலட்சுமி மெல்லக் கேட்டாள். தன்னிடம் வேலை செய்கிற தனுஷிகாவைத்தான் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார்.

"உந்தா, மேலை நிக்கிறா."

பின்வளவில் எழும்பிக்கொண்டிருந்த மேல்மாடியில், காதில் பென்சிலும் கையில் அளவுநாடாவுமாகத் தனுஷிகா ஒரு மேசனை ஏசிக்கொண்டிருந்தாள். அவள் கியூ.எஸ்.; ஒரு கட்டடத்துக்குக் கல், கம்பி, சீமெந்து எவ்வளவு போகும் என்று வரைபடத்தை அளந்து கணக்கிடுகிறவள். பெம்பிளைக்குக் குரல் கொஞ்சம் பெரிதுதான் என்று குணலட்சுமி மனதைத் தேற்றிக்கொண்டிருக்கையில், மதிலுக்கு மேலால் சண்முகநாதனின் தலை தெரிந்து, "ஆர் வீட்டுக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டது. எல்லாம் வெளித்தது. தனுஷிகாவுக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் இருப்பது உட்பட.

குணலட்சுமி மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள். சண்முகநாதன் மசியவில்லை. "படலை தெரியாதவனுக்கு எப்பிடிப் பெம்பிளையைக் குடுக்கிறது?" என்று சொல்லித் தலையை இறக்கிக்கொண்டார். கதலிப்பழத்தை மேசன்மார் சாப்பிட்டு முடித்தார்கள். உண்மையாக வரவேண்டிய பொடியனோ கொழும்புக்குப் போய்விட்டானாம். தொப்பியும் தலைக்கு அளவாக இருந்ததால் பார்த்தீபன் நின்றுவிட்டான்.

முதல் வேலையிலேயே கதவு, யன்னல்களைக் கழிக்காமல் சுவருக்குக் கல் கணக்குப் போட்டான். வீட்டுக்காரர் புகைபோக்கியாலா உள்ளே இறங்குவது என்று தனுஷிகா கேட்டாள். ஆனால் அவனுக்கு அந்த வேலை பிடித்தது. சுவர் ஆடாது, அளக்கும்போது சத்தி வராது. சனி, ஞாயிறுகளில் வகுப்புக்குப் போய்ப் படித்து, இன்று அவனும் ஒரு கியூ.எஸ்.

மகனின் உத்தியோகத்தின் பெயர் குணலட்சுமிக்கு வாயில் வராது. கட்டாத வீட்டைப் பார்த்து நடக்கப்போவதைச் சொல்லுவான் என்று மயிலிட்டித் துறைமுகத்தில் பெருமையடித்து வைத்தாள். போன கிழமை பராசக்தி என்ற பெண் அவனைச் சாத்திரக்காரன் என்று நம்பி, தன் மகளின் சாதகத்தோடு பலன் கேட்க வந்து பார்த்தீபனுக்கு முன்னால் இருந்தாள். அவன் குறிப்புக் கட்டத்தை விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா, சுத்திவரப் பன்ரண்டு அறையிருக்கு, நடுவிலை முற்றமும் இருக்கு," என்றான். "குசினி எதெண்டு சொல்லுங்கோ, பேந்து கல்லுக் கணக்கைப் பாப்பம்."