மூடியில்லாத லேப்டாப்பும் நாலு கடை தள்ளி வெண்ணிலாவும்

ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற தொழிலில், நம் கை எவ்வளவு வேகம் என்று யாரும் பார்ப்பதில்லை. மேசை மேல் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். சாதிச் சான்றிதழ், பட்டா, பென்ஷன் என்று நாளெல்லாம் சர்வரோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சின்ன அறையில் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். அடிபட்ட பிறகு அதையே டெஸ்க்டாப்பாக ஆக்கி ஓட்டினேன். அந்த ஒன்றரை வருடமும் வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பலாப்பழம் விழுந்தது

பஞ்சவர்ணம் அக்கா முதியோர் பென்ஷனுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்; கடையைச் சாத்திவிட்டு இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அக்கா மடியில் சிறுமலைப் பலாப்பழம் ஒன்று, குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. என் லேப்டாப் பையைக் காலடியில் வைத்திருந்தேன். அதுதான் பத்திரம் என்று நினைத்தேன்.

வேகத்தடையில் ஆட்டோ ஒரு குதி குதித்தது. பழம் நேராகப் பை மேல் விழுந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்கிய சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. பையைத் திறந்து பார்க்கவும் பயமாக இருந்தது. அக்கா குனிந்து பழத்தைத் தூக்கி, நாலு பக்கமும் திருப்பித் தடவிப் பார்த்துவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டுச் சொன்னார்: “நல்லவேள தாயி, பழத்துக்கு ஒண்ணும் ஆகல.”

ஆட்டைக் காட்டாத வியாபாரம்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சேவியர் அண்ணனிடம் கொண்டுபோனேன். இந்த மாடலுக்குத் திரை வருவதே நின்றுவிட்டது என்றார். தன் கடையில் கிடந்த பழைய மானிட்டர் ஒன்றைக் கேபிள் போட்டு மாட்டிக் கொடுத்தார். லேப்டாப்பைப் பாதி மூடி மானிட்டருக்குக் கீழே தள்ளிவிட்டு, தனிக் கீபோர்டில் தட்ட ஆரம்பித்தேன். வேலை நடந்தது. நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதே வாரம்தான் வெண்ணிலா நாலு கடை தள்ளிக் கடை திறந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஏழு வருடம் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்கள். என் டிபன் பாக்ஸில் அவள் கையும் அவள் டிபன் பாக்ஸில் என் கையும் கிடக்கும். இப்போது அவள் கடையில் மூன்று புது வெள்ளை நிறக் கம்ப்யூட்டர்கள், கண்ணாடிக் கதவு, ஏசி. திறப்பு விழாவுக்குப் போய்ச் சிரித்தபடி கேசரி சாப்பிட்டேன்.

மறுநாள் அய்யலூரிலிருந்து சின்னையா என்கிற ஆட்டு வியாபாரி வந்தார். மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம். படிவத்தைத் திறந்தேன்; மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை. உடைந்த திரையும் இன்னும் இணைப்பில் இருந்ததால், படிவம் போய் அந்தக் கறுத்த கண்ணாடிக்குள் திறந்திருக்கிறது. நான் மவுசை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தேன். “தொறந்துருச்சுண்ணே, ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாது” என்று உண்மையைச் சொன்னேன். அவர் மெதுவாகக் காகிதங்களை எல்லாம் பொறுக்கிப் பைக்குள் வைத்தார். வெண்ணிலா கடைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “சந்தையில ஆட்டக் காட்டாம வெல பேசுனா எவனாச்சும் நம்புவானா தாயி?”

மிக்சி வந்த நாள்

ஆத்திரத்தில் சேவியர் அண்ணனை வரவழைத்து, “அந்த ஒடஞ்ச தெரையக் கழட்டி எறிங்கண்ணே” என்றேன். மூடியோடு கழற்றிவிட்டார். அடியில் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது, அதையும் எடுத்துவிட்டார். வைஃபை ஏரியல் அந்த மூடிக்குள்தான் இருந்திருக்கிறது என்பது மூடி போன பிறகுதான் தெரிந்தது. சிக்னலும் போய்விட்டது. போனை ஒயரில் மாட்டி நெட் எடுத்தேன். கடைசியில் என் மேசை மேல் மிஞ்சியது தலையில்லாத ஒரு உடம்பும், நாலு பக்கமும் தொங்குகிற ஒயர்களும்.

அங்கே வெண்ணிலா கடை வாசலில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜனங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. தரை அப்படிப் பளபளவென்று இருக்கும். நான் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் அந்தச் செருப்புகளை எண்ணிக்கொண்டு வருவேன். பதினோரு ஜோடி இருந்த நாளில் மதியச் சோறு சாப்பிடவில்லை. அவளுடைய ஏசி கெட்டுப்போக வேண்டும் என்றுகூட நினைத்தேன். தொழுகையில் அப்படிக் கேட்கக்கூடாது என்று தெரியும். அதனால் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டும்போது கேட்டேன்.

அப்படி ஒரு நாள் எண்ணிவிட்டுத் திரும்பினால், என் கடையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். புது முகம். ‘நம்மைத் தேடியும் வருகிறார்கள் பார்’ என்று பூரித்துப்போய், ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டு, “சொல்லுங்கம்மா, என்ன சான்றிதழ்?” என்றேன். அவர் கூடையிலிருந்து ஒரு மிக்சியை எடுத்து மேசை மேல் வைத்தார். நான் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் என் லேப்டாப்பைக் காட்டிச் சொன்னார்: “எல்லாத்தையும் கழட்டிப் போட்டிருந்துச்சு, ரிப்பேர் கடைன்னு நெனச்சேன்.”

கரண்ட் போன மத்தியானம்

சித்தையன்கோட்டையிலிருந்து கீதா வந்தாள். நர்ஸ் படிப்பு முடித்த பெண். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு விண்ணப்பப் பக்கத்தை மூடிவிடுவார்கள். காலையிலிருந்து வேறொரு இடத்தில் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தபோதே மணி மூன்றரை. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். கையெழுத்துப் படம் ஒன்றுதான் பாக்கி. அப்போது தெருவில் கரண்ட் போனது.

பேட்டரி இருந்த தைரியத்தில் நான் யூபிஎஸ் வாங்கியதே இல்லை. பேட்டரி போன பிறகு அதை யோசிக்கவும் இல்லை. ஒரு நொடியில் எல்லாம் இருட்டு. கீதா துப்பட்டாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். போனில் முயன்றேன்; அந்த விண்ணப்பப் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி நாலு பத்து. நாலு கடை தள்ளி இன்வெர்ட்டரில் வெண்ணிலா கடை மட்டும் வெளிச்சமாக இருந்தது. ‘இவளைத் தனியாக அனுப்பிவிடலாமா’ என்று யோசித்தேன். அனுப்பினால் வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள். அங்கே நான் போய் நின்றால்? அதை நினைக்கவே முகம் சுட்டது. கீதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

“இவளுக்கு அஞ்சு மணியோட கடைசிடி” என்று வாசலிலேயே சொன்னேன். வெண்ணிலா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்தாள். காத்திருந்தவர்களிடம், “செத்த நேரம் பொறுங்க, இந்தப் பொண்ணுக்கு அஞ்சு மணியோட முடியுது” என்றாள். நான் உட்கார்ந்தேன். அந்தக் கீபோர்டு வெண்ணெய் மாதிரி இருந்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினேன்; படம் நினைத்த மாத்திரத்தில் ஏறியது. அந்த அவசரத்திலும் எனக்குப் பொறாமைப்பட நேரம் இருந்தது, பாருங்கள். நாலு ஐம்பதுக்கு அனுப்பினேன். கீதா ரசீதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

கிளம்பும்போது வெண்ணிலா வாசல் வரை வந்தாள். “ஒங் கம்ப்யூட்டரெல்லாம் எம்புட்டு நல்லாருக்குடி” என்றேன். ஒன்றரை வருடமாக அடக்கி வைத்திருந்தது தானாக வாயில் வந்துவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்: “ஒன் கடையில வேல முடிஞ்ச பெறகும் சனம் ஒக்காந்து பேசிக்கிட்டே இருக்கு ஜரினா, இங்க ரசீதக் கையில வாங்குன ஒடனே செருப்ப மாட்டிட்டுப் போயிடறாக, அதப் பாத்து எனக்கு எம்புட்டு வயித்தெரிச்சல் தெரியுமாடி?”

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நன்றாகப் பசித்தது.

லட்டு டப்பா

நாலு மாதம் கழித்துக் கீதாவுக்கு வேலை கிடைத்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு காலையில் தெருமுனையில் லட்டு டப்பாவோடு அவள் வருவதைப் பார்த்தேன். கூந்தலைச் சரிசெய்து முக்காட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் நேராக வெண்ணிலா கடைக்குள் போனாள். ‘படிவம் நிரப்பியது யார், நாற்காலி கொடுத்தது யார்’ என்று நான் மனதுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, பத்து நிமிடம் கழித்து வந்தாள். அதற்குள் பாதி டப்பா காலி. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போல. கைப்பையைத் திறந்து தனியாக ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்துச் சொன்னாள்: “அங்க போனா எல்லாரும் கைய நீட்டுவாகன்னு தெரியும்க்கா, அதான் ஒங்க பங்க மொதல்லயே எடுத்து வச்சிட்டேன்.”

சக தொழிலாளிகளே, உடைந்த கம்ப்யூட்டரை எப்படியாவது ஒயர் கட்டி ஓட்டிவிடலாம், உடையாத கம்ப்யூட்டர் வைத்திருக்கிற சிநேகிதியைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.