செஞ்சியில் கப்பலுக்கு நான் பார்த்த வைத்தியம்

போன வருஷம் பங்குனி மாதம், அமாவாசைக்கு மறுநாள் காலையில், புதுச்சேரி முகத்துவாரத்தில் நடந்தது இது. ஆனால் அங்கேயே ஆரம்பித்தால் உங்களுக்குப் பாதிதான் புரியும். அதற்கு ஐந்து மாதம் முன்னால், கடலே இல்லாத எங்கள் செஞ்சியில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பதினோரு வயதில் லேத் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டினேன். இன்றைக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ‘இன்ஜின் மேஸ்திரி கடை’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் மறு கேள்வி கேட்க மாட்டார். ஸ்க்ரூ டிரைவர் நுனியை இன்ஜின் மேலும் பிடியைக் காதிலும் வைத்தேன் என்றால், எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அந்தக் கப்பல் வந்தது. கப்பல் என்பது ஊர்க்காரர்கள் வைத்த பேர். சரியாகச் சொன்னால் அது முப்பத்து நாலு அடி பாய்மரப் படகு. உள்ளேயே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மாசக்கணக்காகக் கடலிலேயே குடித்தனம் நடத்தலாம். ஒரு தம்பதி சென்னையிலிருந்த வீட்டை விற்று, பழைய படகாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். புருஷன் பக்கத்துத் தொண்டூர்க்காரர், ரிட்டயர் ஆன வாத்தியார். அவருடைய சித்தப்பா மகனுக்கு இங்கே மூடிப்போன ரைஸ் மில் ஒன்று இருந்தது. களம் பெரிசு, வாடகை கிடையாது. படகை டிரெய்லரில் ஏற்றி, பழுது பார்க்க அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

ஊரே திரண்டு வந்து பார்த்தது. எதிர் டீக்கடைக்காரன் என்னை விடவே இல்லை. “இன்னா மேஸ்திரி, ரிப்பேர் முடிஞ்சதும் எங்க வுடப் போறீங்க? கோட்டைக்குள்ள செட்டிக்குளத்துலயா?” என்பான். “உன் டீயில வுட்டாலே மிதக்கும்டா, அவ்ளோ தண்ணி” என்று நானும் சொல்வேன்.

முதல் நாள் நான் வாத்தியாரிடமே எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை குதிரை சக்தி, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று. அவர் சிரித்துவிட்டார்.

“அண்ணே, என்னைக் கேக்காதீங்க. நான் சமையல் டிபார்ட்மென்ட். கேப்டன் மேல இருக்குறாங்க.”

அண்ணாந்து பார்த்தால், படகின் மேல்தட்டில் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், கையில் கிரைண்டரோடு நிற்கிறார். தூத்துக்குடிக்காரர். அவருடைய அப்பா அந்தக் காலத்துத் தோணியில் பாய் கட்டினவராம். இந்த அம்மா கப்பல் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவராம். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பொம்பளைக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். கடற்கரைப் பக்கத்தில் இரண்டு பேர் பார்த்துவிட்டு, புதுசுதான் போட வேண்டும் என்று கைவிரித்த இன்ஜின். அதை நான் நாற்பது நாளில் உயிர்ப்பித்தேன். முதல் முதலில் அது ‘டுப் டுப்’ என்று பேசியபோது அந்த அம்மா கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். வாத்தியார் எல்லோருக்கும் கேசரி கிண்டினார்.

வேலைக்கு நடுவில் அந்த அம்மா எனக்குப் பல விஷயம் சொல்லிக்கொண்டே இருப்பார். படகின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு துத்தநாகக் கட்டி முடுக்கியிருந்தது, பாதி அரித்துப்போய். அது எதற்கு என்றேன். “உப்புத் தண்ணி எதையாவது தின்னத்தான் செய்யும், மேஸ்திரி. இதைத் தின்னுட்டுப் போகட்டும்னு குடுக்குதோம். இது இல்லேன்னா ப்ரொப்பெல்லரைத் தின்னும். பாதி கரைஞ்சதும் மாத்திரணும்” என்றார். படகின் உடம்பில் தண்ணீர் போக வர இருக்கிற ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்திலேயே, அந்த அளவுக்குச் செதுக்கிய ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். குழாய் பிய்ந்தால் தேடாமல் எடுத்து அடைக்க. தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வேன். காதில் வாங்கினேனே தவிர, உள்ளே இறக்கவில்லை.

இப்போது கிளாண்டு விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜினிலிருந்து ப்ரொப்பெல்லருக்குப் போகிற ஷாப்ட், படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டுதான் கடலுக்குள் போகும். அந்தத் துளை வழியாகக் கடல் உள்ளே வந்துவிடாமல் ஷாப்டைச் சுற்றி மெழுகுக் கயிறு திணித்து, நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதுதான் கிளாண்டு. எங்கள் கிணற்று பம்பிலும் இதே சமாசாரம் உண்டு. கிணற்று பம்பில் கிளாண்டு தளர்ந்தால் காற்று இழுக்கும். காற்று இழுத்தால் தண்ணீர் ஏறாது. ஏறாவிட்டால் விடியும்போதே விவசாயி என் வாசலில் நிற்பார். அதனால் ஐம்பது வருஷமாக கிளாண்டை நறுக்கென்று இறுக்கியே பழகின கை இது. “மேஸ்திரி கட்டுன கிளாண்டுல ஈரமே இருக்காது” என்று தொண்டூரிலிருந்து சீயமங்கலம் வரைக்கும் பேர்.

படகுக்கும் புதுக் கயிறு போட்டு அப்படியே இறுக்கினேன். ரைஸ் மில் களத்தில் தண்ணீர் ஏது? தப்பு தெரிய வழியே இல்லை.

பங்குனியில் படகைத் திரும்ப டிரெய்லரில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கிளப்பினோம். கேபிள் ஒயர் தாழ்வாகத் தொங்கின இடமெல்லாம் வாத்தியார் மூங்கில் கொம்பால் தூக்கிக்கொண்டே முன்னால் போனார். அமாவாசையை ஒட்டி ஓதம், அதாவது கடல் மட்டம், நன்றாக ஏறும், அந்த நேரத்தில் மட்டும்தான் முகத்துவாரத்து மணல் மேட்டில் படகின் அடிப்பாகம் தட்டாமல் வெளியே போக முடியும் என்று அந்த அம்மா நாள் குறித்திருந்தார்.

கிரேன் படகை இறக்கியது. மிதந்தது. அந்த அம்மா டார்ச்சோடு உள்ளே இறங்கி ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டுப் பார்த்தார். கிளாண்டு பக்கம் வந்ததும் நின்றார்.

“மேஸ்திரி, இங்க சொட்டே இல்லையே?”

“இருக்காதும்மா. நம்ம கை அப்படி.”

“நிக்கும்போது இல்லாட்டா பரவாயில்ல. ஷாப்ட் சுத்தும்போது நிமிஷத்துக்கு அஞ்சாறு சொட்டு உள்ள வரணும். அந்தத் தண்ணிதான் அதுக்குக் குளிர்ச்சி. கொஞ்சம் தளர்த்திருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் சொட்டுகிறது என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். சொட்டவில்லை என்று குறை சொன்னவர் இவர் ஒருத்தர்தான். கடல் தண்ணீரைத் தெரிந்தே உள்ளே விடு என்கிறாரே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, ஸ்பேனரோடு உள்ளே குனிந்தேன். தளர்த்தவில்லை. போதாக்குறைக்கு இன்னும் கால் சுற்று இறுக்கினேன். மேலே வந்து, “தளர்த்திட்டேம்மா” என்றேன்.

எழுபது வயதில் சொன்ன பொய்.

காலை எட்டரை மணிக்கு ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. கிளம்பினோம். கேப்டனம்மா சுக்கானில். வாத்தியார் முன்னால் கயிற்றோடு. இன்ஜினைப் பார்த்துக்கொள்ள நான். வெளியே போய்க் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, என்னை மீன்பிடி போட்டில் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. என் இன்ஜின் பாடிக்கொண்டு போயிற்று. கரையில் நின்றவர்களுக்கு நான் கையாட்டினேன், ஏதோ மந்திரி மாதிரி.

முகத்துவாரத்தின் நட்டநடுவே, இரண்டு பக்கமும் கருங்கல் அணை, மூக்கில் ஒரு வாடை அடித்தது. மெழுகு கருகுகிற வாடை. உள்ளே எட்டிப் பார்த்தால் கிளாண்டிலிருந்து நூல் மாதிரி புகை. கிறீச்சென்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

கேப்டனம்மா மூக்குக்கும் வாடை எட்டிவிட்டது. அவர் இன்ஜின் கேஜைப் பார்க்கிறார், சூடு சரியாக இருக்கிறது. எங்கே கோளாறு என்று தெரியவில்லை. ஷாப்ட் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் படகு கல் மேல்தான் போய் ஏறும். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. இதுதான் வீடு.

“மேஸ்திரி! கிளாண்டைத் தளர்த்துனீங்கல்லா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார், படகு கல்லுக்குப் போயிருக்கும். அந்த ஒரு நொடி, சாமி சத்தியமாக, எனக்கு ஒரு மணி நேரம்.

“இல்லம்மா. தளர்த்தல. பொய் சொன்னேன். இன்னும் இறுக்கிட்டேன்.”

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா, “அப்ப நல்லதாப் போச்சு! என்னன்னு தெரிஞ்சிட்டுல்ல!” என்று சொல்லிக்கொண்டே கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். ஷாப்ட் நின்றது. “முன் பாயை விரிங்க!” என்று புருஷனுக்கு ஒரு குரல். வாத்தியார் கயிற்றை இழுத்த இழுப்பில் பாய் படாரென்று விரிந்தது. காலை நேரத்துக் கரைக்காற்று பின்னாலிருந்து பிடித்துத் தள்ள, படகு கல்லுக்கு நடுவே நேராக நழுவ ஆரம்பித்தது.

நான் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினேன், சூட்டில் ஊற்ற. “ஊத்தாதீங்க! சூட்டுல ஊத்துனா விரிசல் விட்டுரும். தளர்த்தினாப் போதும், கடலே கொஞ்சம் கொஞ்சமா ஆத்திரும்” என்றார். இரண்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தலைகீழாக உள்ளே இறங்கினேன். படகு ஆடுகிறது, காலையில் தின்ற இட்லி நெஞ்சில் ஆடுகிறது. ஒரு ஸ்பேனரால் பூட்டு நட்டைப் பிடித்து, மற்றதால் கிளாண்டு நட்டைத் திருப்பினேன். புஸ்ஸென்று ஆவி வந்தது. அப்புறம் வெந்நீர். அப்புறம் குளிர்ந்த கடல் தண்ணீர் என் முழங்கை வரைக்கும் வழிந்தது. அதைவிட நல்ல தண்ணீரை என் ஆயுளில் பார்த்ததில்லை.

கல் அணை தாண்டியதும் மெதுவாக கியர் போட்டார். “எண்ணுங்க மேஸ்திரி” என்றார். ஒவ்வொரு சொட்டாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சத்தமாக எண்ணினேன். நிமிஷத்துக்கு ஆறு வருகிற மாதிரி நட்டை நிறுத்தினேன். கிளாண்டில் கை வைத்தால் ஆறின டீ கிளாஸ் சூடு. அது போதுமாம்.

மேலே ஏறி வந்ததும் முதல் வேலையாகக் கடலுக்கு இட்லியைத் தானம் செய்தேன். வாத்தியார் முதுகைத் தடவிவிட்டு, “அண்ணே, என் சமையல் இல்லியே இது? அப்ப சரி” என்றார். மூன்று பேரும் சிரித்தோம் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேப்டனம்மா சொல்ல விடவில்லை. “நானும் ஒரு தடவை சொட்டுதான்னு வந்து பாத்திருக்கணும். உங்க தப்பு பாதி, என் தப்பு பாதி” என்று சொல்லிவிட்டு, பெரிய பாயையும் ஏற்றி இன்ஜினை நிறுத்திவிட்டார்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது! ஐம்பத்தெட்டு வருஷம் இன்ஜின் சத்தத்திலேயே வாழ்ந்தவன். இன்ஜின் நின்றால் வேலை நின்றது என்றுதான் அர்த்தம் எனக்கு. இங்கே இன்ஜின் நின்ற பிறகும் படகு சரசரவென்று போகிறது. சுக்கானை என் கையில் கொடுத்தார். அரை மணி நேரம் ஓட்டினேன். செஞ்சி தாலுகாவில் பாய்மரம் ஓட்டின இன்ஜின் மேஸ்திரி வேறு யாராவது இருந்தால் காட்டுங்கள், கடையை எழுதி வைக்கிறேன்.

இருபது நாள் கழித்துத் தூத்துக்குடியிலிருந்து வாத்தியார் போன் செய்தார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். வழியில் இன்ஜின் ஓட்டின போதெல்லாம் நிமிஷத்துக்கு ஆறு சொட்டு, கூடவும் இல்லை, குறையவும் இல்லையாம். போனைப் பிடுங்கி கேப்டனம்மா, “மேஸ்திரி, எங்களுக்குத் தினமும் காலையில முதல் வேலை உங்க சொட்டை எண்ணுறதுதான்” என்றார்.

உங்களில் யாராவது இப்படி ஒரு படகு வாங்கினால், அனுபவப்பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள். டீசல் டேங்கை எப்போதும் நிரப்பியே வையுங்கள். காலியாக இருந்தால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும். இன்ஜின் சூடு தணிய உள்ளே தண்ணீர் ஏற்றுகிற ரப்பர் சக்கரம், பெல்ட், பில்டர் எல்லாம் இரட்டையாக வாங்குங்கள். நடுக்கடலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிடையாது. சாதா இரும்பு போல்ட்டைப் படகுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், உப்பு தின்றுவிடும். மேஸ்திரி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் முடித்த வேலையை ஒரு தடவை நீங்களே போய்ப் பாருங்கள். அது நானாகவே இருந்தாலும் சரி.

இப்போதும் கடையில் பெருமை பேசத்தான் செய்கிறேன், அது என் பிறவிக் குணம். ஆனால் யாராவது “சரி பண்ணிட்டீங்களா மேஸ்திரி?” என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் எழுந்துபோய், செய்த வேலையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் “ஆச்சு” என்கிறேன், அப்படிச் சொல்கிற ‘ஆச்சு’வில் இருக்கிற சந்தோஷம் அதற்கு முன்னால் சொன்ன எந்த ‘ஆச்சு’விலும் எனக்குக் கிடைத்ததில்லை.