பீருக்குக் கம்பு மாவுப் பக்குவம் கேட்டுத் திருச்சுழிப் பக்கம் போய்வந்தேன்

போன பங்குனியில் ஒரு வியாழக்கிழமை அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனேன். கோயிலுக்கு இல்லை. என் நாத்தனார் சீனியம்மாளிடம் முளைக்கம்பு மாவின் பக்குவம் கேட்க. அதுவும் பீருக்காக.

நியூசிலாந்தில் இருக்கும் என் மகன் வயிற்றுப் பேத்தி பிருந்தா வீட்டிலேயே பீர் போடுகிறாள். அங்கே அது குற்றமில்லையாம். நான் சாராய ஊறல் என்று நினைத்து இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. கம்பில் போட்ட பீரைப் போட்டிக்கு அனுப்பப் போகிறாள். ஆனால் அவள் முளைகட்டும் கம்பு காறிக் கசந்துவிடுகிறது. சீனியம்மாள் மாவு மாதக்கணக்கில் இருந்தாலும் காறாது. அந்தப் பக்குவம் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். போட்டிக்கு வருகிறவர்கள் செய்முறையை எல்லோரும் படிக்கும்படி போட்டுவிட வேண்டுமாம். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் மாற்றிப் பார்ப்பார், யாரும் எதையும் ஒளிப்பதில்லை என்றாள். அப்புறம் செய்தவள் கையில் என்ன மிச்சம் என்று கேட்டேன். சிரித்தாள்.

நான் கலியாணமாகி வந்த வருசம், மாமியார் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்கு மட்டும் இதைச் சொல்லிக்கொடுத்தார். சீனியம்மாள் அன்று பச்சைத் தாவணி. பிறகு மூன்று தடவை அவளிடம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் எதையோ ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னாள். மூன்று தடவையும் மாவு காறியது.

காலை 9.10க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முக்கால் மணி நேரம், வழியெல்லாம் கருவேலங்காடும் கரிமூட்டப் புகையும்தான். திருச்சுழியில் இறங்கி ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். யார் வீட்டுக்கு என்று டிரைவர் கேட்டார். சொன்னேன்.

"அவுக வீட்டுக்கா? எங்க வீட்ல கேட்டதுக்கு மாவு குடுத்தாக, பக்குவம் குடுக்கல" என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சீனியம்மாள் மோர் கொடுத்தாள். பீர் என்றதும் பொம்பளைப் பிள்ளையா குடிக்கிறது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உலகம் பூராவும் படிக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மறுத்துவிடுவாள், பேத்தியிடம் அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவளோ போனைப் போடச் சொன்னாள்.

"வெள்ளக்காரன் குடிச்சிட்டுப் போறான். அவன் வந்து நம்ம வீட்டு விசேசத்துல ஒம் மாவவிட எம் மாவு தேவலன்னு சொல்லப்போறானா மதினி?"

"அப்ப எனக்கு ஏன்டி சொல்லல?"

"நீங்க அப்பிடிச் சொல்லுவீகள்ல."

பிருந்தா வீடியோவில் வந்ததும் போனை வாங்கிக்கொண்டாள். "செத்த வெளிய இருங்க மதினி" என்றாள். கதவைச் சாத்தினாள். வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் நின்றேன். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பதுதான் கேட்டது.

சனிக்கிழமையே பிருந்தா செய்முறையைப் போட்டுவிட்டாள். மேலே சீனியம்மாள் பெயர் இருக்கிறதாம். முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தமிழ் மட்டும்தான் கூட்டிப் படிக்க வரும். "படிச்சுச் சொல்லவா அப்பத்தா?" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

பேத்தி சொல்வதுதான் சரி என்று காலையில் தோன்றுகிறது. மறைத்ததால்தானே நான் வெளியே நின்றேன். எனக்குத் தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லியிருப்பேனா என்று சாயங்காலம் யோசிக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். அப்படியானால் யார் பக்கம் நான்? பிடிபடவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் பஸ் இல்லை, மூன்றரைக்குத்தான். நிறுத்தத்தில் நிழல் கிடையாது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பு பீர் போட நினைப்பவர்கள் கேட்டால் பிருந்தா பக்கத்தின் சுட்டியை அனுப்புகிறேன். எல்லோருக்கும் பொதுதான். படித்துவிட்டு எனக்கு மட்டும் சொல்லாதீர்கள். யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்வேனா என்பது எனக்கே தெரியவில்லை.